சேலை விற்கும் வலைத்தளத்துக்குப் படம் எடுப்பது எப்படி?

சேலைக் கடைக்கு வருகிறவர்களின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். விரித்துப் போட்ட சேலையை முதலில் கண் பார்க்கும், அடுத்த நொடியே கை நீளும். கரையை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். ஒரு மடிப்புக்கு அடியில் கையை விட்டு, துணி எவ்வளவு மெல்லிசு என்று பார்ப்பார்கள். உள்பக்கத்தைத் திருப்பி, நூல் தொங்குகிறதா என்று தேடுவார்கள். முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பார்கள். கடைசியில், "வெளிச்சத்துல ஒருதடவ பாத்துக்கறேன்" என்று வாசலுக்கே எடுத்துப் போய்விடுவார்கள்.

வலைத்தளத்தில் அந்தக் கை கிடையாது. கை கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் படம்தான் பதில் சொல்லியாக வேண்டும். சின்ன வியாபாரிகளின் வலைத்தளங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வாங்குகிறவர் மனதில் உள்ள சந்தேகம் ஒன்றுகூடத் தீராது. சந்தேகம் தீராமல் யாரும் பணம் கட்ட மாட்டார்கள்.

என் சித்தி பல வருடங்களாக வீட்டிலிருந்தே கைத்தறிச் சேலை விற்கிறார். பெரும்பாலும் மதுரைச் சுங்குடி (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி வரவைக்கும் பருத்திச் சேலை), கொஞ்சம் பட்டு. அவருக்கு வலைத்தளம் போட்டுக் கொடுத்தபோது, ஒரே ராத்திரியில் ஹாலில் டியூப்லைட்டுக்கு அடியில் முப்பது சேலைகளையும் படம் எடுத்து முடித்தேன். அரக்கு நிறப் பட்டு ஒன்று திரையில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. வாங்கியவர் பார்சலைப் பிரித்ததுமே போன் செய்தார்: "படத்துல ஒண்ணு, பொட்டியில ஒண்ணா இருக்கேம்மா." சித்தி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் பணத்தை அனுப்பிவிட்டார். முப்பது படத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் விற்பது செக்கு எண்ணெயோ பித்தளை விளக்கோ ஆனாலும் முறை இதுதான், கேள்விகள் மட்டும் மாறும்.

கேமராவுக்கு முன்னால் ஒரு நோட்டு

முதல் வேலைக்குக் கேமரா தேவையில்லை. உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் வாடிக்கையாளர்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். சித்தியின் போனில் இருந்தவை: "கரை எவ்ளோ அகலம்?" "உள்ள தெரியுமா அக்கா?" "முந்திய முழுசா காட்டுங்க." "நேர்லயும் இதே கலர்தானா?" "கைல போட்ட முடிச்சா, பிரிண்ட்டா?" "கஞ்சி போடணுமா?" இவையே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன.

அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, பதில் படத்திலா எழுத்திலா என்று குறியுங்கள். கஞ்சி எழுத்து. கரை அகலம் இரண்டும். மற்ற எல்லாமே படம். இந்தப் பட்டியல் கையில் இருந்தால், எத்தனை படம் வேண்டும், எந்தக் கோணத்தில் வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடும். நீங்கள் இப்போதுதான் தொழில் தொடங்குகிறீர்கள், கேட்க இன்னும் ஆளில்லை என்றால், தெரிந்த கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் அவர் கடையில் ஓரமாக உட்காருங்கள். இரண்டு மணி நேரத்தில் நோட்டு நிறைந்துவிடும்.

வெளிச்சம்

விலை உயர்ந்த கேமரா வேண்டாம். நான்கைந்து வருடத்துக்குள் வாங்கிய நல்ல போன் போதும். ஆனால் போனை அசையாமல் பிடிக்க ஒரு ஸ்டாண்டும், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளைத் தெர்மாகோல் அட்டை இரண்டும் கட்டாயம் வாங்குங்கள்.

காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம்தான் நல்ல இடம். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் விடாதீர்கள், பெரும்பாலான மாதங்களில் அங்கே வெயில் நேராக உள்ளே வராது. வேறு ஜன்னல்தான் இருக்கிறது, வெயில் அடிக்கிறது என்றால், ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகக் குறுக்கே கட்டிவிடுங்கள். வெளிச்சம் மெத்தென்று பரவி விழும், நிழலின் ஓரம் கத்தி மாதிரி தெரியாது.

அறையில் எரியும் விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் வேறொரு நிறம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் சேலையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் ஓடும், அதைப் பின்னால் சரி செய்வது பெரும்பாடு. சுவரையும் பாருங்கள். பச்சைச் சுண்ணாம்பு அடித்த அறையில் எடுத்த வெள்ளைச் சேலை லேசாகப் பச்சை பாய்ந்துதான் வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் தெர்மாகோலை நிறுத்துங்கள், இருட்டடித்த பக்கம் கொஞ்சம் தெளியும்.

பட்டாக இருந்தால் ஒரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெளிச்சம் எதிரிலிருந்து நேராக விழுந்தால் ஜரிகை வெள்ளையாக வெளுத்துப் போகும், தகரத்தகடு மாதிரி இருக்கும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுந்தால்தான் அதன் பொன்னிறமும் ஏற்ற இறக்கமும் தெரியும். போனின் பிளாஷைச் சேலைக்குப் போடவே கூடாது.

நிறம்

சேலை வியாபாரத்தில் திரும்பி வரும் பார்சல்களைப் பார்த்தால், எங்கள் அனுபவத்தில் முக்கியக் காரணம் நிறம்தான். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போன் கேமராக்கள் படத்தை எடுப்பதோடு நிற்பதில்லை, தாமே மெருகும் ஏற்றிவிடுகின்றன. அமைப்புக்குள் போய் காட்சியை மேம்படுத்தும் ஏஐ வசதி, அழகுபடுத்தும் பில்டர், 'விவிட்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு சேலைக்குப் பக்கத்தில் ஒரு கிரே கார்டை வைத்து முதல் படத்தை எடுங்கள். கேமரா கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டைதான் அது. பின்னால் படத்தைத் திருத்தும்போது அந்த அட்டையைத் தொட்டு 'வெள்ளைச் சமநிலை' சரி செய்தால், அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் அதே திருத்தத்தைப் போட்டுவிடலாம். அடுத்து, திரையில் சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இப்படிப் பூட்டாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்ச அளவில் வரும்.

சிவப்புக் குடும்பம்தான் பெரிய தலைவலி. அரக்கு, வாடாமல்லி, ராணி பிங்க், மிளகாய்ச் சிவப்பு எல்லாமே கேமராவுக்கு மிஞ்சிப் போகிற நிறங்கள். சிவப்பின் அளவு உச்சத்தைத் தொட்டதும், துணியின் நெசவும் மடிப்பும் மறைந்து, பெயின்ட் அடித்த மாதிரி ஒரே பரப்பாகிவிடும். இதற்கு மருந்து எளிது: வெளிச்ச அளவைப் பூட்டிய பிறகு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து, படத்தை ஒரு சிட்டிகை இருட்டாக எடுங்கள். நெசவு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால், பிறகு வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம். மறைந்துபோன நெசவை எப்படியும் மீட்க முடியாது.

மயில் கழுத்து நிறத்துக்கு வேறு வழி வேண்டும். பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்பதால் ஒரு பக்கம் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. ஒற்றைப் படத்தில் இதைக் காட்டவே முடியாது. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், அல்லது மடிப்பை மெதுவாக அசைத்து ஒரு பத்து நொடி வீடியோ எடுங்கள். இந்த வீடியோ வந்த பிறகு அந்த வகைச் சேலைக்கு "இது நீலமா பச்சையா?" என்ற கேள்வி எங்களுக்கு நின்றேவிட்டது.

படத்தைத் திருத்தி முடித்ததும், பகல் வெளிச்சத்தில் சேலையையும் போனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு போனில் மட்டும் பார்த்தால் போதாது. சில திரைகள் நிறத்தைத் தூக்கிக் காட்டும், சில வெளிறிக் காட்டும். குறைந்தது இரண்டு வேறு வேறு போன்களில் பாருங்கள், ஒன்றாவது விலை குறைந்ததாக இருக்கட்டும். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி நிற வகையில் சேமியுங்கள், எல்லாத் திரைகளும் ஓரளவு ஒத்துப்போவது அதில்தான்.

அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: நம்முடைய நிறப் பெயர்கள். 'சிவப்பு' என்று எழுதினால் பத்துப் பேர் பத்து நிறத்தை நினைப்பார்கள். அரக்கு, வெங்காயத்தோல், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், பாக்கு நிறம் என்று எழுதினால் சேலை கட்டுகிறவர்களுக்கு உடனே கண்ணில் வந்து நிற்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் எம்.எஸ். ப்ளூ என்றே பெயர் வாங்கிய நீலத்தை 'அடர் நீலம்' என்று எழுதுவது ஒரு நல்ல விளம்பரத்தைக் கையால் தள்ளிவிடுவது. படமும் பெயரும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஒரு சேலைக்கு எந்தெந்தப் படம்

எங்களுக்குச் சேலைக்கு ஆறு படம் சரியாக வருகிறது. சிலவற்றுக்கு ஏழு.

முதல் படம் சேலையை முழுதாகக் காட்ட வேண்டும்: உடல், கரை, முந்தி மூன்றும் ஒரே பார்வையில். இதைத்தான் பட்டியல் பக்கத்தில் வாடிக்கையாளர் பார்ப்பார். எல்லாச் சேலைக்கும் ஒரே பின்னணி, ஒரே அளவு, ஒரே மடிப்பு. ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் இருந்தால் பட்டியல் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும், எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. போனில் பார்க்கிறவர்கள்தான் அதிகம் என்பதால் நெடுக்கான படம், அகலம் மூன்று பங்கு, உயரம் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படம் முந்தி, மூலையிலிருந்து மூலை வரை. மடித்துப் பாதி காட்டாதீர்கள். முந்திக்காகவே சேலை வாங்குகிறவர்கள் நிறைய.

மூன்றாவது கரை. பக்கத்தில் தையல் டேப்பை வைத்து எடுங்கள். "8 அங்குலக் கரை" என்று எழுதுவதைவிட டேப்பில் 8 தெரிவது ஒரு படி மேலே. அளவு எழுத்திலும் இருக்கட்டும், அது தேடுகிறவர்களுக்கு.

நான்காவது படம் துணியின் மெல்லிசைக் காட்டுவது. பருத்திச் சேலைக்கு இது இல்லாமல் இருக்கவே கூடாது. ஒற்றை மடிப்புக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வைத்து எடுங்கள். விரல்கள் எவ்வளவு தெரிகின்றன என்பதைப் பார்த்தே, உள்பாவாடை என்ன நிறத்தில் கட்ட வேண்டும் என்பது வரைக்கும் பெண்கள் முடிவு செய்துவிடுவார்கள். "உள்ள தெரியுமா அக்கா?" என்ற கேள்விக்கு ஆண்கள் எடுக்கும் படங்களில் பதிலே இருப்பதில்லை. நானும் சித்தி சொல்லித்தான் இதை எடுத்தேன்.

ஐந்தாவதுதான் விலையை நியாயப்படுத்தும் படம்: வேலைப்பாடு, மிக நெருக்கத்தில். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. கையால் கட்டியது என்பதால் எந்தப் புள்ளியும் அச்சு வட்டமாக இருக்காது, ஓரத்தில் சாயம் கொஞ்சம் கசிந்திருக்கும், துணி அங்கே லேசாகப் புடைத்து நிற்கும். அச்சடித்த சுங்குடியில் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி, துணி தட்டை. இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் துணியைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். அப்போது ஒவ்வொரு புடைப்புக்கும் பின்னால் ஒரு சின்ன நிழல் வரும். அந்த நிழல்தான் கைவேலைக்குச் சாட்சி. அதைப் பார்த்த பிறகு "பிரிண்ட் சேலை பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலைக்கும் இதே யோசனைதான். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித் தனி நாடாவால் (ஊடை நூலைப் பாய்ச்சும் கருவி) நெய்யப்பட்டு, இரண்டும் கோர்த்துக்கொள்ளும் இடத்தை நெருங்கி எடுங்கள்.

ஆறாவது படம் உள்பக்கம். நிறைய பேர் இதை மறைப்பார்கள், ஆனால் கைத்தறிக்கு உள்பக்கம்தான் பெருமை. துணியின் ஓரத்தில், தறியில் நெய்யும்போது விறைப்பாகப் பிடிக்கும் கோலின் ஊசித் துளைகள் தெரியும். அதைப் படத்தில் காட்டி, ஏன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் அதையே 'டேமேஜ்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் போட்ட சேலைகளில், திரையில் வானவில் மாதிரி அலை அலையாகக் கோலம் ஓடும். துணியில் அப்படி எதுவும் இருக்காது, நெசவின் கோடும் கேமராவின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. கொஞ்சம் தள்ளி நின்றோ கிட்டப் போயோ கோணத்தை லேசாக மாற்றியோ எடுத்தால் போய்விடும். படத்தைச் சின்னதாக்கிய பிறகும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள், சில சமயம் அப்போதுதான் தலைகாட்டும்.

கட்டிய சேலை

மடித்து வைத்த சேலையும் உடுத்திய சேலையும் ஒன்றல்ல. முடிந்தால் ஒருவர் கட்டியிருக்கும் படம் ஒன்று போடுங்கள். விளம்பர மாடல் வேண்டாம். வீட்டில், தெருவில், கடையில் வேலை பார்ப்பவர்களில் யாராவது சம்மதித்தால் அவரே போதும், சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவருடைய நேரத்துக்கு ஒரு தொகையும் கொடுத்துவிடுங்கள். அவர் உயரத்தைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள், கரை எங்கே வரும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். போனின் அகலமான லென்ஸில் எடுத்தால் ஓரங்களில் உடம்பு இழுபட்டுத் தெரியும். ஆகவே, நன்றாகத் தள்ளி நின்று இரண்டு மடங்கு (2x) லென்ஸில் எடுங்கள்.

இப்போது மடித்த சேலையின் படத்தைக் கொடுத்தால் ஏஐ ஒரு பெண்ணுக்கு உடுத்திக் காட்டிவிடுகிறது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் நெருங்கிப் பாருங்கள்: கரையின் ருத்ராட்ச வடிவம் வேறாகியிருக்கும், புட்டாக்களின் (உடலில் நெய்த சின்ன உருவங்கள்) இடைவெளி மாறியிருக்கும், முந்தியில் நெசவாளி நெய்யாத ஒரு வேலைப்பாடு முளைத்திருக்கும். அது நீங்கள் விற்கும் சேலை கிடையாது. பின்னணியை நீக்குவதற்கு மட்டும் அந்தக் கருவிகளை வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் முந்திக் குஞ்சத்தை வெட்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

முகப்புப் பக்கம்

வலைத்தளத்தைத் திறந்ததும் வருகிற பெரிய படத்துக்கு எல்லோரும் இணையத்தில் கிடைக்கும் புன்னகை முகங்களைத் தேடிப் போகிறார்கள். வலைத்தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல வருடம் ஆராய்ந்த யாக்கோப் நீல்சன், 2010-ல் கண் அசைவைப் பதிவு செய்த சோதனைகளை வைத்து ஒன்றைச் சொன்னார்: தகவல் உள்ள படங்களையும் உண்மையான மனிதர்களின் படங்களையும் மக்கள் நின்று பார்க்கிறார்கள், அலங்காரத்துக்கு வைத்த படங்களைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. எங்கள் அனுபவமும் அதுவே. சித்தி தன் அலமாரி முன்னால் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் படம்தான் இப்போது முகப்பில் இருக்கிறது. "நீங்கதானே படத்துல இருக்கறது?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

நான்கைந்து படங்கள் தானாக ஓடும் ஸ்லைடர் வேண்டவே வேண்டாம். முதல் படத்தைப் படித்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும், பின்னால் இருப்பவை வீணாகப் பாரம் ஏற்றும். ஒரு படம், ஒரு வரி, ஒரு பொத்தான். போதும்.

கணினியில் அகலமாக அழகாக இருந்த படம் போனில் தலையை வெட்டிவிடும். ஆகவே முகப்புக்கு இரண்டு வெட்டு தயார் செய்யுங்கள், அகலமாக ஒன்று, நெடுக்காக ஒன்று. வலைத்தளம் செய்பவரிடம் சொன்னால் திரைக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்துவிடுவார்.

படத்துக்குள்ளேயே எழுத்தை எழுதிவிடாதீர்கள், முக்கியமாகத் தமிழை. போனில் படம் சுருங்கும்போது சுழிகள் அடைத்துக்கொண்டு ண, ன வித்தியாசமே தெரியாது. தேடுபொறிக்கும் எழுத்து கிடைக்காது. படத்தின் மேல் தனி எழுத்தாக வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்கள் திரையில் தெளிவாக இருக்கின்றன. வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள். எழுத்து விழும் இடத்தில் படம் சலசலப்பில்லாமல் இருக்கட்டும், ஜரிகை மேல் வெள்ளை எழுத்து யாருக்கும் தெரியாது.

பாரத்தைக் குறைப்பது

போனிலிருந்து வரும் படம் ஒன்றே நான்கைந்து எம்பி இருக்கும். இருபது சேலை உள்ள பக்கத்தில் அப்படியே ஏற்றினால் நூறு எம்பி ஆகிவிடும். சிக்னல் குறைந்த ஊரில் உட்கார்ந்து பார்ப்பவர் அது வருவதற்குள் போய்விடுவார். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

சேலைப் பக்கத்துக்குப் படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல் போதும், பட்டியலுக்கு 600. ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் போட்டு வெப்-பி என்ற பட வகையில், தரம் 75 முதல் 80 வரை வைத்துச் சேமியுங்கள். பெரிய படம் 200 முதல் 300 கேபிக்குள் வந்துவிடும். ஜரிகையும் பொடிப்புள்ளியும் அதிகம் உள்ள நெருக்கப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள், அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் வேலைப்பாடே குழம்பிவிடும்.

ஐபோனில் எடுத்தால் படம் ஹெச்இஐசி என்ற வகையில் இருக்கலாம். அது பல உலாவிகளில் தெரியாது, மாற்றித்தான் ஏற்ற வேண்டும். போனிலிருந்து கணினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். படமாகப் போனால் வழியிலேயே நசுங்கிவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் ஒரு வரி, எழுதுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும், தேடுபொறியும் அதைத்தான் படிக்கும். "படம்1" என்று எழுதாமல், "அரக்கு நிற மதுரைச் சுங்குடிச் சேலை, கையால் கட்டிய வெள்ளைப் புள்ளிகள், மாம்பழ மஞ்சள் கரை" என்று எழுதினால் இரண்டு பேருக்கும் பயன்படும்.

நம்ப வைக்கும் படங்களும் செய்யக் கூடாதவையும்

அசல் பட்டுக்குச் சான்றான பட்டு முத்திரை (சில்க் மார்க்) 2004-லும், கைத்தறிக்குச் சான்றான கைத்தறி முத்திரை (ஹேண்ட்லூம் மார்க்) 2006-லும் வந்தன. உங்கள் சேலையில் அவை இருந்தால், இணையத்திலிருந்து சின்னத்தை இறக்கி ஒட்டாமல், சேலையில் தொங்கும் சீட்டையே படம் எடுத்துப் போடுங்கள். இல்லாத முத்திரையைப் போடுவது ஏமாற்று.

நெசவாளியின் படம் போடுவது நல்லது, ஆனால் அந்தச் சேலையை நெய்தவரின் படமாக இருக்க வேண்டும். யாரோ ஒரு முதியவர் தறியில் உட்கார்ந்திருக்கும் படத்தை எல்லாச் சேலைக்கும் போடுவது அவருக்கும் மரியாதை இல்லை, வாங்குபவருக்கும் உண்மை இல்லை. வாடிக்கையாளர் கட்டிக்கொண்டு அனுப்பும் படங்கள் இவை எல்லாவற்றையும்விடப் பேசும். ஒவ்வொருவரிடமும் "வலைத்தளத்துல போட்டுக்கலாமா?" என்று கேட்டு, அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

அடுத்த கடையின் படத்தை எடுத்துப் போடாதீர்கள், அது பதிப்புரிமைத் திருட்டு. "இன்னும் 2 மட்டுமே" என்று பொய்யாக எழுதுவது, சலுகை முடியப் போகிறது என்று பொய்க் கடிகாரத்தை ஓடவிடுவது போன்றவற்றையும் விட்டுவிடுங்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த தந்திரங்களின் பட்டியலில் பொய் அவசரமும் இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி வாங்க மறுக்க முடியாது. படமும் விளம்பரம்தான்.

சரிபார்ப்பது

எல்லாம் ஏற்றிய பிறகு, சேலை வாங்குகிற, ஆனால் உங்கள் தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். ஐந்து நொடி கழித்து வாங்கிக்கொண்டு, "இங்க என்ன விக்கிறாங்க?" என்று கேளுங்கள். அப்புறம் ஒரு சேலைப் பக்கத்தைக் காட்டி, கட்டைவிரல் எங்கே நிற்கிறது, எந்தப் படத்தைப் பெரிதாக்குகிறார் என்று பேசாமல் பாருங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள், வலைத்தளத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. வேகத்தைப் பார்க்க, கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு, போனுக்கான முடிவைப் படியுங்கள்.

பிறகு மாதம் ஒருமுறை அதே பழைய நோட்டை எடுங்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே கேள்வி மூன்று தடவைக்கு மேல் வந்திருந்தால், அதற்கு ஒரு படம் குறைகிறது என்று அர்த்தம். போன மாதம் சித்தியிடம் நான்கு பேர் பிளவுஸ் துணியைக் கேட்டிருந்தார்கள். எழுத்தில் "பிளவுஸ் துணி உண்டு" என்று இருந்தது, ஆனால் கரை வருமா, உடல் நிறத்திலா, முந்தி நிறத்திலா என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு வேட்டியை ஜன்னலில் கட்டி, பிளவுஸ் துணி உள்ள ஒவ்வொரு சேலையிலும் அது தொடங்கும் இடத்தை விரித்துப் படம் எடுத்தோம். ஏழாவது படம் அப்படி வந்ததுதான்.